விஷ்ணுப்ரியா அரைத்த மஞ்சள்

வலியசாலைத் தெருவில் விடிவதற்கு முன்பே மிக்ஸிகள் கத்த ஆரம்பித்துவிடும். இந்த வீட்டுச் சுவரும் அடுத்த வீட்டுச் சுவரும் ஒன்றுதான் என்பதால், யார் வீட்டில் தேங்காய்ச் சட்னி, யார் வீட்டில் அடைமாவு என்று படுக்கையில் கிடந்தபடியே சொல்லிவிடலாம். ஒரே ஒரு வீட்டிலிருந்து மட்டும் பன்னிரண்டு வருஷமாகச் சத்தம் வந்ததில்லை. அங்கே சமையல் இல்லை என்று அர்த்தமில்லை. அங்கே ஓடுவது ‘சாந்தா’ என்ற மிக்ஸி. அந்த மாடலை வடிவமைத்தவள் அந்த வீட்டு மருமகள் விஷ்ணுப்ரியா.

இதைச் சொல்லாமல் அவளைப் பற்றி எதையும் சொல்ல முடியாது. அவளும் சொல்ல விடமாட்டாள். கல்யாண வீடோ துக்க வீடோ, அவள் போய் உட்கார்ந்த பத்து நிமிஷத்தில் பேச்சு மிக்ஸிக்கு வந்துவிடும். “உங்காத்துல என்ன மிக்ஸி?” என்று ஆரம்பிப்பாள். சாந்தா என்று பதில் வந்தால் முகம் பூரித்துவிடும். வேறு பெயர் வந்தால், “சத்தம் ஜாஸ்தியா இருக்குமே” என்று அனுதாபப்படுவாள்.

கோயில் ஆபீஸில் கணக்கு எழுதியவரின் ஒரே பெண் அவள். இஞ்சினியரிங் முடித்தபோது கூடப் படித்தவர்கள் எல்லோரும் கழக்கூட்டத்துக்குக் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனார்கள். இவள் மட்டும் கொச்சுவேளியில் இருந்த ஒரு மிக்ஸி கம்பெனிக்குப் போனாள். சொந்தக்காரர்கள் உச்சுக்கொட்டினார்கள். பிறகு வலியசாலைத் தெருவில் இன்சூரன்ஸ் ஆபீஸ் சுப்புவுக்கு வாழ்க்கைப்பட்டாள். மாமியார் அனந்தலக்ஷ்மி மாமி விடியற்காலையில் மிக்ஸியைப் போட்டால் மாடி அறைக் கட்டில் அதிரும். புது மருமகள், சத்தம் போடாதீர்கள் என்று சொல்ல முடியுமா? சொல்ல முடியாத கோபத்தில்தான் சாந்தா பிறந்தது. உள்ளே ஒரு ஓடு, வெளியே ஒரு ஓடு, நடுவில் ஊற்றி இறுகவைத்த ரப்பர் நுரை, சுற்றிலும் பசை. மேலே ஒரு ஸ்குரூ கூடக் கண்ணில் படாது. முட்டை மாதிரி வழவழவென்று இருக்கும். முதலாளி அருமைநாயகம் அந்த வருஷக் காலண்டரில் சாந்தாவையும் அவளையும் சேர்த்துப் படம் போட்டார். அந்தக் காலண்டர் இன்னும் அவள் வீட்டுப் பூஜையறையில், கிருஷ்ணன் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. விளக்கேற்றும்போது கிருஷ்ணனுக்கு ஒரு பார்வை, காலண்டருக்கு ஒரு பார்வை.

இப்படி நிம்மதியாக இருந்தவளின் நிம்மதி ஆர்ஷா வந்த அன்று போயிற்று.

விற்ற சாமான் பழசானால் அதைத் திரும்ப வாங்கிப் பிரித்து ஒழுங்காகக் கழிப்பதும் கம்பெனியின் பொறுப்பு என்று சட்டம் வந்திருந்தது. கம்பெனிக்குப் பின்னால் பழைய மிக்ஸிகள் குவிய ஆரம்பித்தன. அருமைநாயகம் தலையைப் பிடித்துக்கொண்டு, இதைப் படித்தவர்கள் யாராவது வேண்டும் என்று தேடி அழைத்து வந்தது ஆர்ஷாவை. களியக்காவிளைப் பெண். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், அப்புறம் வடக்கே போய் டிசைன் படிப்பு. வயது இருபத்தேழு. மண்ணுக்கும் தண்ணீருக்கும் கேடில்லாமல் சாமான் செய்வது எப்படி என்பதுதான் அவள் படித்தது. முதல் நாளே விஷ்ணுப்ரியாவை அக்கா முறையாக “சேச்சி” என்றாள். மேடம் என்று கூப்பிடுவாள் என எதிர்பார்த்திருந்தவளுக்கு அங்கேயே சுருக்கென்றது.

அந்த வாரமே ஆர்ஷா ஒரு காரியம் செய்தாள். பின்னால் குவிந்து கிடந்ததில் மாடலுக்கு ஒன்று என்று மிக்ஸிகளைப் பொறுக்கி மேஜையில் வரிசையாக வைத்து, ஆளுக்கொரு ஸ்குரூடிரைவரைக் கொடுத்து, பிரியுங்கள் என்றாள். எல்லாம் பிரிந்தன. சாந்தா பிரியவில்லை. எங்கே திருகுவது என்றே யாருக்கும் தெரியவில்லை. விஷ்ணுப்ரியா கையைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு அது பெருமையாகவே பட்டது. ஆர்ஷா ஒரு ரம்பத்தை எடுத்து வந்து சாந்தாவின் இடுப்பில் வைத்து அறுத்தாள். நுரைத்தூள் பறந்தது. அருமைநாயகம் உட்பட எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். தன் வயிற்றையே யாரோ அறுப்பதுபோல விஷ்ணுப்ரியா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே மோட்டார் நன்றாக இருந்தது. கம்பிகள் புத்தம் புதுசு போலப் பளபளத்தன. தேய்ந்து போயிருந்தது விரல்நகம் அளவுக்கு இரண்டு கரித்துண்டுகள் மட்டும். கார்பன் பிரஷ் என்பார்கள். எந்தக் கடையிலும் கிடைக்கும். அதை மாற்ற வழியில்லாமல்தான் முழு மிக்ஸியையும் ஜனங்கள் தூக்கிப் போட்டிருந்தார்கள். பின்னால் இருந்த குவியலில் பாதிக்கு மேல் சாந்தாதான்.

“ஜீவிச்சிருக்கும்போ இது நல்ல மிக்ஸி, சேச்சி” என்றாள் ஆர்ஷா. “செத்தா எங்க போவும்னு ஆரும் யோசிக்கல்ல, அல்லே?”

கேலியாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னாள். கேலி செய்திருந்தால் விஷ்ணுப்ரியா பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பாள். வருத்தப்படுகிறவளை என்ன செய்வது?

அன்று பிடித்தது பொறாமை. சாதாரணப் பொறாமை இல்லை. சோறு இறங்காத பொறாமை. ஆர்ஷா புது மிக்ஸி ஒன்றை வரைய ஆரம்பித்தாள். உடம்பு முழுக்க ஒரே வகைப் பிளாஸ்டிக், அப்போதுதான் உருக்கி மறுபடி வார்க்கலாம். பெயிண்ட் கிடையாது, வெள்ளி முலாம் கிடையாது. பசை ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. அருமைநாயகம் முன்பெல்லாம் காலை டீயை விஷ்ணுப்ரியாவின் மேஜை ஓரத்தில் நின்றுதான் குடிப்பார். இப்போது கோப்பையோடு ஆர்ஷாவின் மேஜைக்குப் போனார். போனால் போகட்டும் என்று விட முடிந்ததா? திரும்பிப் பார்க்காமலே அவர் எத்தனை தரம் சிரித்தார் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். “செத்தா எங்க போவும்?” என்ற கேள்வியை அவர் ஒவ்வொரு மீட்டிங்கிலும் தானே கண்டுபிடித்தது போலக் கேட்க ஆரம்பித்தார். அதைக் கேட்கும்போதெல்லாம் இவளுக்கு வயிறு எரிந்தது.

ஆர்ஷா எதைச் செய்தாலும் எரிந்தது. அவள் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து, “சேச்சிக்கு மீன் ஆகாதே” என்று தள்ளிப் போய் உட்கார்ந்தால், அந்த மரியாதை எரிந்தது. மழையில் நனைந்து வந்தும் அவள் தலைமுடி அழகாக இருந்தது, அதுவும் எரிந்தது. அவள் தப்பு செய்தால் கொஞ்சம் குளிரும். தப்பு செய்தால் தானே முதலில் சொல்லிவிடுவாள். அந்தக் கொஞ்சமும் போய்விடும்.

அப்புறம்தான் தலையில் இடி விழுந்தது. அருமைநாயகம் எல்லோரையும் கூப்பிட்டு, அடுத்த ஓணத்திலிருந்து நடுத்தர விலையில் ஒரே ஒரு மாடல்தான் என்று சொல்லிவிட்டார். ஒன்று சாந்தா இருக்கும், இல்லாவிட்டால் ஆர்ஷாவின் புது மிக்ஸி இருக்கும். எது என்பதை வீடுகள் சொல்லட்டும் என்றார்.

வீடுகள் சொல்வது என்பது அந்தக் கம்பெனியின் வழக்கம். புது மாடலுக்கு அச்சு வெட்டுவதற்கு முன்னால் மாதிரிகள் செய்து, வேலை செய்கிறவர்களின் வீடுகளுக்கு ஒரு மாதம் கொடுப்பார்கள். வாட்ஸப் குழு ஒன்று வைத்து, நல்லதோ கெட்டதோ அதில் போடச் சொல்வார்கள். கடைசியில் அந்த வீட்டுப் பெண்களை ஆபீஸுக்கு அழைத்து டீயும் பழம்பொரியும் கொடுத்துக் குறை கேட்பார்கள். இந்த வழக்கத்தை ஆரம்பித்து வைத்ததே விஷ்ணுப்ரியாதான். ஆர்ஷாவின் மிக்ஸியில் ஒன்று அவள் வீட்டுக்கும் வந்தது. மாட்டேன் என்று சொல்ல வாயில்லை.

வந்த முதல் நாள் அதைப் போட்டதும் வீடே அதிர்ந்தது. விஷ்ணுப்ரியாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாமியாரின் முகத்தையே பார்த்தாள்.

“மிக்ஸின்னா சத்தம் போடத்தான் செய்யும், அதுக்கென்ன” என்றாள் மாமி. “உன் சாந்தால அரைஞ்சுதா இல்லையான்னே தெரியாது. மூடியைத் தொறந்து தொறந்து பாக்கணும். இது அரைக்கறச்சே அரைக்கறதாக்கும்னு தெரியறது.”

பன்னிரண்டு வருஷம். இந்த மாமியாரின் சத்தத்தை அடக்கத்தான் ஒரு மிக்ஸியையே செய்தாள். அந்த மாமியாருக்குச் சத்தம் பிடித்திருக்கிறதாம்.

அந்தச் சனிக்கிழமை சுசீந்திரத்தில் ஒரு கல்யாணம். சுப்புவும் மாமியும் காலையிலேயே கிளம்பிப் போனார்கள். விஷ்ணுப்ரியா தலைவலி என்று சொல்லி வீட்டில் தங்கினாள். அவர்கள் ஆட்டோ தெருமுனை திரும்பியதும் சாலைக் கம்போளக் கடைத்தெருவுக்குப் போய் ஒரு பொட்டலம் விரலி மஞ்சள் வாங்கி வந்தாள். நன்றாகக் காய்ந்தது. ஒன்றோடொன்று தட்டினால் கல் மாதிரிச் சத்தம் வந்தது.

விரலி மஞ்சளை மிக்ஸியில் போடக் கூடாது என்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். மில்லில் கொடுத்துத்தான் அரைப்பார்கள். மஞ்சளை மிக்ஸியில் போட்டு உடைப்பவள் ஒன்று அடுப்பங்கரையே காணாதவளாக இருக்க வேண்டும், அல்லது கல்யாணமாகி நேற்று வந்தவளாக இருக்க வேண்டும். அதற்கு மேலே, ‘காய்ந்த மஞ்சள் அரைக்கக் கூடாது’ என்ற வரியைச் சாந்தாவோடு கொடுக்கும் கையேட்டில் எழுதியவளே விஷ்ணுப்ரியாதான். எழுதியவள் கை நிறைய மஞ்சளை அள்ளி ஜாரில் போட்டாள். மூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். கடைசி வேகத்துக்குத் திருப்பினாள்.

மிக்ஸி அலறியது. மூடியின் இடுக்கிலிருந்து மஞ்சள் புகை கிளம்பியது. அவள் விடவில்லை. நிறுத்தி, மறுபடி போட்டாள். அவள் மனசில் என்ன ஓடியது என்று கேட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை. உடை, உடை, உடைந்து தொலை, அவ்வளவுதான். நாலாவது தரம் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. மோட்டார் வெறுமனே சுற்ற, ஜார் அசையாமல் நின்றது.

உடைந்தது கப்ளர். மோட்டாரையும் ஜாரையும் கோத்துச் சுற்ற வைக்கும் பல்சக்கரம் அது. விஷ்ணுப்ரியா ஜாரைக் கழுவினாள், மேடையைத் துடைத்தாள், மிக்ஸியை ஈரத்துணியால் துடைத்து இருந்த இடத்திலேயே வைத்தாள். கையிலிருந்த மஞ்சளைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். நெடுநாளைக்குப் பிறகு அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு கல்யாண வீட்டுக் கட்டுச்சாதத்திலேயே ஓடிவிட்டது. மிக்ஸியை யாரும் தொடவில்லை. திங்கட்கிழமை மாமி அடுப்பங்கரைக்குள் வருவதற்கு முன்பே விஷ்ணுப்ரியா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்கு வந்துவிட்டாள். மிக்ஸி உடைந்துவிட்டது என்று வீட்டிலிருந்து போன் வரும், அதைக் கவலையோடு குழுவில் போட வேண்டும், என்ன வார்த்தையில் போடலாம் என்று யோசித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

போன் வரவில்லை. குழுவில் ஒரு வீடியோ வந்தது. அனுப்பியவன் சுப்பு.

அவள் வீட்டு அடுப்பங்கரைதான். சுப்பு வேஷ்டியும் நெற்றியில் விபூதியுமாக மிக்ஸியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துக்கொண்டு நின்றான். அடித்தட்டில் இருந்த கீற்றுப் பள்ளத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துத் திருப்பினான். தட்டு கழன்று வந்தது. தட்டின் உட்பக்கத்தில் எப்படி மாற்றுவது என்று மூன்று சின்னப் படங்கள்; பக்கத்திலேயே செருகி வைத்திருந்த புதுக் கப்ளர் ஒன்று. “அம்மா, பாரேன், ஸ்பேர் உள்ளேயே வெச்சிருக்கா!” என்று கூவினான். உடைந்ததைக் கழற்றினான், புதிதை மாட்டினான், மூடினான். மாமி தேங்காயைப் போட்டு அரைத்தாள். மிக்ஸி கத்தியது. சுப்பு காமிராவைப் பார்த்து, ஏதோ ராக்கெட் விட்டவன் போலச் சிரித்தான்.

கப்ளர் வேண்டுமென்றே அப்படிச் செய்யப்பட்டிருந்தது. எதையாவது போட்டு வதைத்தால் மோட்டார் கருகக் கூடாது, அதற்கு முன்னால் கப்ளர் உடைந்து மோட்டாரைக் காப்பாற்ற வேண்டும், உடைந்ததை யார் வேண்டுமானாலும் மாற்ற முடிய வேண்டும். ஆர்ஷாவின் யோசனையே அதுதான். விஷ்ணுப்ரியா மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு உடைத்தது, உடைவதற்காகவே வைத்திருந்த ஒன்றை.

கம்பெனி முழுக்க அந்த வீடியோவைப் பார்த்தது. கடைநிலை ஆள்வரை வந்து, உங்க ஹஸ்பண்ட் அசத்திட்டாரே என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சுப்பு கல்யாணமான நாளிலிருந்து ஒரு பல்பு மாற்றினவன் இல்லை. ஃபியூஸ் போனால் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடுவான். சாந்தாவுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருநாள், ஒரே ஒரு நாள், இவளிடம் கேட்டிருப்பானா? ஊரார் கைதட்டினால் தட்டட்டும், கட்டினவன் அடுத்தவள் செய்த மிக்ஸியைத் திறந்து வைத்துக்கொண்டு குழந்தை மாதிரிக் குதிக்கிறானே! பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

வெளியே வந்தபோது ஆர்ஷா நின்றிருந்தாள். அவள் போனில் அந்த வீடியோ ஓரிடத்தில் நிறுத்தப்பட்டிருந்தது. கழற்றிய கப்ளருக்கு அடியில் வட்டமாக மஞ்சள் படிந்திருந்தது. மேலே துடைத்தவள் அடியில் துடைக்கவில்லை.

“இது மஞ்சள் அல்லே, சேச்சி? உணக்க மஞ்சளா, காஞ்சதா?”

விஷ்ணுப்ரியாவின் நாக்கு அவளைக் கேட்காமலே புரண்டது.

“எங்க மாமியார் அரைச்சிருப்பா” என்றாள். “வயசாயிடுத்து, தெரியறதில்லை.”

அடுப்படியில் அரசாளும் மாமியின் தலையில் அந்தப் பழி விழுந்தது. தெருவில் யாருக்கு ரசப்பொடி பக்குவம் தப்பினாலும் அனந்தலக்ஷ்மி மாமியிடம்தான் வருவார்கள். அப்படிப்பட்டவள் விரலி மஞ்சளை மிக்ஸியில் போட்டாளாம்.

ஆர்ஷா சூதுவாது தெரியாமல் அதை அருமைநாயகத்திடம் சொன்னாள். அவர் தலைகால் புரியாமல் சந்தோஷப்பட்டார். மஞ்சளைத் தாங்கிய மோட்டார் என்று சொல்லியே விற்கலாம் என்றார். குறைகேட்கும் நாளன்று அந்த அம்மாவை முன்வரிசையில் உட்கார வைக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அந்த நாள் நெருங்க நெருங்க விஷ்ணுப்ரியா மாமியைத் தடுக்கப் பார்த்தாள். வெயில் ஜாஸ்தி, வராதீர்கள் என்றாள். முட்டிவலி வருமே என்றாள். மாடிப்படி ஏற வேண்டும் என்று பொய்கூடச் சொன்னாள். மாமி கேட்கவில்லை. முதலாளி தானே போன் செய்து அழைத்திருக்கிறார், போகாமல் இருப்பது மரியாதையா? பச்சைப் பட்டுப் புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்துவிட்டாள்.

ஹாலில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் சாந்தா, ஒரு பக்கம் புது மிக்ஸி. பெண்கள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். சத்தம் அதிகம் என்று ஏறக்குறைய எல்லோரும் குறைப்பட்டார்கள். விஷ்ணுப்ரியாவுக்கு லேசாக உயிர் வந்தது. சாந்தா பிழைத்துவிடும் போலிருந்தது. அப்போது அருமைநாயகம் எழுந்தார்.

“இந்த அம்மா நமக்குச் செஞ்ச உபகாரம் சின்னதில்ல, கேட்டியளா” என்றார் மாமியைக் கைகாட்டி. “விரலி மஞ்சள மிக்ஸியில போட்டு அரச்சுப் பாத்திருக்காங்க.”

ஹாலில் இருந்த பெண்கள் மாமியைத் திரும்பிப் பார்த்தார்கள். அதில் வலியசாலைக்காரிகள் மூன்று பேர். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மாமியின் முகம் சிவந்தது. “மஞ்சளா? நானா?” என்று எழுந்தாள். எழுந்தவளின் கண் மருமகளிடம் போயிற்று. மருமகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் காதுவரைக்கும் வெளுத்திருந்தது. மாமிக்கு ஒரு நிமிஷம் போதும். சுசீந்திரம் கல்யாணம், தலைவலி, திங்கட்கிழமை விடிவதற்கு முன் ஓடிய ஸ்கூட்டர், எல்லாம் ஒன்றாக அவளுக்குப் புரிந்துவிட்டது.

விஷ்ணுப்ரியா வேலையையே மனசுக்குள் ராஜினாமா செய்துவிட்டாள்.

“நான் அரைக்கலை” என்றாள் மாமி, கணீரென்று. “அம்பது வருஷமா சமைக்கறேன், மஞ்சளை மிக்ஸில போடப்டாதுன்னு எனக்குத் தெரியாதா? இவ அரைச்சா. என் மாட்டுப்பொண்ணு. எங்களையெல்லாம் கல்யாணத்துக்கு அனுப்பிட்டு, ஒத்தையா இருந்து அரைச்சா. ஒடையறதா இல்லையான்னு பாக்கணுமோல்லியோ? அதாக்கும் அவ உத்தியோகம்.”

ஹால் கைதட்டியது. எல்லோரும் தேங்காய்ச் சட்னி அரைத்துவிட்டு நன்றாயிருக்கிறது என்றார்கள், ஒருத்திதான் முறையாகச் சோதித்தாள் என்று அருமைநாயகம் புகழ்ந்து தள்ளினார். போட்டியாக வந்த மாடலை இவ்வளவு அக்கறையாகச் சோதிக்க யாருக்கு மனசு வரும் என்றார். ஆர்ஷா மட்டும் கைதட்டாமல் விஷ்ணுப்ரியாவையே பார்த்தாள். அப்புறம் அவளும் தட்டினாள். மோட்டார் சாகாமல் இருந்ததைக் கண்ணால் பார்த்தபிறகு வேறு பேச்சில்லை. சத்தத்தைக் குறைக்க வழி பாருங்கள், சாந்தாவை நிறுத்திவிடலாம் என்று அருமைநாயகம் அங்கேயே முடிவு சொல்லிவிட்டார். சாந்தாவைக் கொன்ற புகழ் முழுக்க விஷ்ணுப்ரியாவின் கழுத்தில் மாலையாக விழுந்தது. அவள் எழுந்து நின்று கைகூப்பினாள். வேறு என்ன செய்வாள்?

இருவரும் ஆட்டோவில் திரும்பினார்கள். ஈஞ்சக்கல் சிக்னலில் வண்டி நின்றபோது மாமி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்.

“பொறாமைப்பட்டா பட்டுக்கோ. எனக்கும் உன் மேல உண்டாக்கும். நான் அரைக்கறது பிடிக்காம ஒரு மிக்ஸியே பண்ணினியே, அன்னிலேர்ந்து உண்டு. ஆனா மஞ்சளைக் கொண்டுவந்து என் தலைல போடாதே. நாளைக்கு அந்தத் தெருவுல நான் நடக்க வேண்டாமா?”

விஷ்ணுப்ரியா மாமியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமி கையை இழுக்கவும் இல்லை, ஆறுதலாக அழுத்தவும் இல்லை.

மறுநாள் விடியற்காலையில் புது மிக்ஸி கத்தியது. மாடியில் கட்டில் அதிர்ந்தது, கல்யாணமான புதிதில் அதிர்ந்த மாதிரியே. சுப்பு போர்வையை இழுத்து மூடிக்கொண்டு திரும்பிப் படுத்தான். விஷ்ணுப்ரியா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்றாலும் அவள் காது விடாது. சத்தம் மோட்டாரிலிருந்து வரவில்லை. மோட்டார் உட்கார்ந்திருக்கும் தட்டு அதிர்ந்துதான் வருகிறது. பசையும் நுரையும் அங்கே தேவையே இல்லை. மெத்தைக்குள் வைக்கிற, ரப்பர் கலந்த தென்னை நார் இருக்கிறதே, அதில் ஒரு வளையம் வெட்டி அடியில் கொடுத்து, ஸ்குரூவை முடுக்கினால் போதும். சாந்தா செய்த காலத்தில் அவளே அதைச் செய்து பார்த்திருந்தாள். பசை ஊற்றுவது சுலபம் என்று அப்போது விட்டுவிட்டாள்.

சொல்லாமல் இருந்தால் என்ன? ஆர்ஷா இன்னும் ஆறு மாதம் மண்டையை உடைத்துக்கொள்ளட்டும். கத்தட்டும். ஊரெல்லாம் கத்தி, சாந்தா எங்கே சாந்தா எங்கே என்று ஜனங்கள் கேட்கட்டும். இந்த நினைப்பு வெல்லமாக இனித்தது. அதைச் சப்பிக்கொண்டே குளித்தாள், காலண்டருக்கு விளக்கேற்றினாள். அடுப்பங்கரையில் மாமி இரண்டாவது ஈடு சட்னியைப் போட்டாள். சத்தத்தில் விளக்கின் சுடர் ஆடியது. அந்தச் சத்தத்தை அவளால் சகிக்க முடியவில்லை. ஆர்ஷாவைக்கூடச் சகித்துவிடலாம், இதைச் சகிக்க முடியாது.

ஆபீஸுக்குப் போகும் வழியில் மெத்தைக் கடையில் நிறுத்தி ஒரு துண்டு நார் வாங்கினாள். சோதனை அறையில் யாரும் வருவதற்கு முன் வளையமாக வெட்டினாள். ஆர்ஷா வந்ததும் அதை அவள் மேஜையில் வைத்து, “ஒட்டவேண்டாம். மோட்டாருக்கு அடில வெச்சு ஸ்குரூ போடு” என்றாள். முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆர்ஷா மாட்டினாள். சுவிட்சைப் போட்டாள். ஓடுகிறதா என்று ஜாருக்குள் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

டீக்கோப்பையோடு அருமைநாயகம் உள்ளே வந்தார். காதைச் சாய்த்துக் கேட்டார். “ஆர்ஷா, அடிபொளி!” என்றார்.

“நானல்ல சார், சேச்சியாணு” என்றாள் ஆர்ஷா. “நான் இவங்க மிக்ஸிய ரம்பம் வெச்சு அறுத்தேன். இவங்க என்னோடத மஞ்சள் போட்டு உடச்சாங்க. ரெண்டும் சேந்துதான் சார் இது.”

அருமைநாயகம் வாய்விட்டுச் சிரித்தார். கோப்பையை எடுத்துக்கொண்டு வந்து, ரொம்ப நாளைக்குப் பிறகு, விஷ்ணுப்ரியாவின் மேஜை ஓரத்தில் நின்றுகொண்டார். பன்னிரண்டு வருஷமாக அவள் கேட்டுப் பழகிய அந்த மௌனத்தில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது அவளுக்கு. ஆனால் எல்லாம் தெரிந்தும் காட்டிக்கொடுக்காமல், கிடைத்த பெயரில் பாதியையும் அள்ளிக்கொடுத்துவிட்டு, அதை எவ்வளவு அழகாகச் சொல்கிறாள் இந்தப் பெண் என்று நினைத்தபோது விஷ்ணுப்ரியாவுக்கு மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது.